அவள் டி.சி.யில் நான் நிரப்பிய கட்டம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பாராட்டாத டீச்சர் கிடையாது. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் கூடப் படித்த ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. எண்பதுகளின் நடுவில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ரிசல்ட் வந்ததும் நூற்றுக்கு மேல் டி.சி. எழுத வேண்டியிருக்கும். ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க். அவர் எழுத்தை அவராலேயே திரும்பப் படிக்க முடியாது. அதனால் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, பதிவேடுகளை முன்னால் பிரித்துப் போட்டு, "பாத்து எழுது" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மெல்லப் போய்விடுவார். அந்த வருஷம் நான்தான் எழுதினேன். பதினொரு மணிக்கு டீயும் பன்னும் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சேர்க்கைப் பதிவேடு தடி அட்டை போட்ட பெரிய நோட்டு. ஒவ்வொருத்தியின் அப்பா பெயர், சாதி, பிறந்த தேதி, உடம்பில் எங்கே மச்சம், எங்கே தழும்பு, எல்லாம் அதில் இருக்கும். பத்தாவது படிக்கும்போது என் பிறந்த தேதி சரியா என்று பார்க்க ஒரு தடவை போய்க் கேட்டேன். எங்கள் அப்பா பள்ளியில் சேர்ப்பதற்காக வாய்க்கு வந்த தேதியைச் சொல்லியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"உனக்கெதுக்குட்டி அது? உங்கப்பனைக் கூட்டிட்டு வா" என்றார் கிளார்க்.

ஆனால் பெண் கேட்டு விசாரிக்க வருகிறவர்கள் வந்தால் நாற்காலி போடுவார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகும் முன்னால் பள்ளிக்கூடத்தில் போய் விசாரிப்பது ஒரு பழக்கம். சாதி சரியா, வயதைக் குறைத்துச் சொல்கிறார்களா, பிள்ளை அடக்கமா என்று கேட்பார்கள். கிளார்க் நோட்டை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைப்பார். மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு எங்கே மச்சம் என்பது வரைக்கும் வாசித்துவிட்டுப் போவார். சம்பந்தப்பட்ட பிள்ளை பக்கத்து வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டி.சி. எழுதிய அந்தப் பத்து நாளில் நானும் அந்தச் சித்தப்பாக்களில் ஒருத்தி ஆகிவிட்டேன். யாருக்கு அப்பா பெயர் இருக்கிற இடத்தில் அம்மா பெயர் இருக்கிறது, யார் ஒன்பதாவதில் இரண்டு வருஷம் இருந்தாள், எல்லாவற்றையும் படித்தேன். படித்ததை வீட்டில் போய்ச் சொன்னேன். "அப்பிடியா சங்கதி" என்று எங்கள் அம்மா வாயில் கை வைத்துக் கேட்பாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் தெருவுக்கே தெரிந்துவிடும். நான் ஏதோ பெரிய அதிகாரி ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

இனி அவளைப் பற்றி. வன்னியம்பட்டியிலிருந்து வருவாள். ஆறாவதிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். அப்பா இல்லை. அம்மா காட்டு வேலைக்குப் போகிறவள். அம்மாவின் தம்பி ஒருவன் இருந்தான். பெண்டாட்டி செத்து, இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். இவளுக்கு நோட்டு, புத்தகம் எல்லாம் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். அதனால் இவள் தனக்குத்தான் என்று அவனும் முடிவு பண்ணியிருந்தான், அம்மாவும் முடிவு பண்ணியிருந்தாள். இவள் மட்டும் முடிவு பண்ணவில்லை.

"ராஜபாளையத்துல மில்லுல ஆள் எடுக்காகளாம். நூல் சுத்துற எடத்துல பொம்பளப் பிள்ளைகளத்தான் போடுதாகளாம். சேந்துட்டேன்னா எங்கம்மாவும் வாயடைச்சுப் போவா. சம்பாதிக்கிற பிள்ளைய யாரு ரெண்டாந்தாரமாக் குடுப்பா?" என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த மில். வேலை கிடைத்தால் மாமனிடமிருந்து தப்பிப்பாள். கிடைக்காவிட்டால் ஆவணியில் தாலி. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று சொல்வதற்கு முன்னால் பதினொன்றாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு திங்கட்கிழமை கொடியேற்றுகிற நேரத்தில் அவள் மயங்கி விழுந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கை கால் எதுவும் இழுக்கவில்லை, நுரை வரவில்லை. துணி நழுவுகிற மாதிரி சரிந்தாள், அவ்வளவுதான். ஆனால் பி.டி. டீச்சர் "சாவி, சாவி" என்று கத்தினார். ப்யூன் ஓடி வந்து ஆபீஸ் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்பார்கள். செத்த நேரத்தில் அவள் கண் திறந்தாள். திறக்கத்தானே செய்வாள்? வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெயிலில் நின்றவள், படுத்ததும் தெளிந்தாள். ஆனால் சாவி கையில் இருந்தபோது கண் திறந்ததால் அது வலிப்புதான் என்று முடிவாகிவிட்டது. சாவிக்குத்தானே நின்றது.

"காலைல சாப்பிடல டீச்சர்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து பள்ளியில் அவளுக்கு "சாவி" என்று பட்டப்பெயர். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவள் சிரித்துக்கொள்வாள்.

டி.சி.க்கு வருகிறேன். அதில் மருத்துவ ஆய்வு நடந்ததா என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாருக்கும் "ஆம்" என்று போட்டுக்கொண்டே வந்தேன். அவள் பேர் வந்தது. மொத்த மார்க்கில் அவள் என்னைவிட நாற்பத்திரண்டு கூட வாங்கியிருந்தாள். மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறவள், என் நோட்டைக் கடன் வாங்கிக் காப்பி அடித்து எழுதுகிறவள். எங்கள் வீட்டில் டியூபு லைட் இருந்தது. அந்த நாற்பத்திரண்டு எனக்கு ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது.

கிளார்க் உள்ளே வந்தார். நான் கேட்டேன்.

"சார், இவளுக்கு வலிப்பு வந்துச்சில்ல? அதை இதுல எழுதணுமா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுது, எழுது. நாளைக்கு எங்கயாச்சும் விழுந்து தொலைஞ்சா நம்மளையில்ல வந்து கேப்பான்."

"ஆம். வலிப்பு நோய் உண்டு" என்று எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மை காயும் வரை ஊதினேன். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மொத்தக் கட்டையும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படிக்கவில்லை. ப்யூன் முத்திரை குத்தினார்.

டி.சி.யை வாங்க அவள் அம்மா வந்தாள். கைநாட்டு வைத்தாள், காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகளும் மார்க் ஷீட்டைத்தான் நூறு தடவை பார்த்திருப்பாள். டி.சி.யில் பேர் சரியா, தேதி சரியா என்று பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை மில்லுக்குப் போகும்போது என்னையும் கூடக் கூப்பிட்டாள். போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்பது ஒன்று. இன்னொன்று, அந்தக் கட்டத்தை யார் படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. எழுதும்போது படிக்கட்டும் என்று நினைத்தேன், கூடப் போகும்போது படிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். மடியில் இரண்டு கொய்யா வைத்திருந்தாள். பெரியதை என்னிடம் கொடுத்தாள். தின்றேன்.

ராஜபாளையத்தில் இறங்கி மில் கேட் வரைக்கும் நடந்தோம். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறியது. ஷிப்டு முடிந்து வெளியே வந்த பெண்கள் தலையெல்லாம் பஞ்சு. அவள் அவர்களைச் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஆள் எடுக்கிறவர் மெலிந்த மனிதர். பேச்சில் கடுமை இல்லை. மார்க் ஷீட்டைப் பார்த்து, "இம்புட்டு மார்க்கா? இங்க எதுக்கும்மா வந்த, காலேஜுக்குப் போயேன்" என்றார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அடுத்து டி.சி.யைப் பிரித்தார். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"ஏம்மா, உனக்கு வலிப்பு வருமா?"

"எனக்கா? இல்லையே சார்."

"போட்டிருக்கேம்மா."

காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து படித்தாள். அப்புறம் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஏழு வருஷம் என் நோட்டைப் பார்த்து எழுதியவள். என் 'லி' எப்படி வளையும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அது என் எழுத்து என்று அவரிடம் சொல்லவில்லை.

"தப்பா எழுதிட்டாக சார். மாத்தி வாங்கிட்டு வாரேன்."

"மெஷின் பக்கத்துல நிக்க வேண்டிய வேலைம்மா. ஒரு செகண்டு கண்ணு சொக்குனா கை போயிரும். சனிக்கிழமை வரைக்கும் ஆள் எடுப்போம். அதுக்குள்ள சுத்தமான பேப்பர் கொண்டா. இல்லேன்னா வராத."

திரும்பும் பஸ்ஸில் மடவார்வளாகம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். அப்புறம் கேட்டாள்.

"ஒன் எழுத்துதானட்டி?"

"சார் எழுதச் சொன்னாரு. எழுதுனேன்."

பொய் இல்லை. பாதி உண்மை. பாதியை எடுத்து நீட்டினால் அது பொய்யைவிட நன்றாக வேலை செய்யும். அவள் நம்பிவிட்டாள். "நீ என்ன செய்வ, சொல்லுத எடத்துல எழுதித்தான ஆகணும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். "நாளைக்கு எங்கூட வா. அவர்தான் சொன்னாருன்னு பெரிய டீச்சர்கிட்ட சொல்லு."

மறுநாள் இருவரும் ஆபீஸில் நின்றோம். அவள் டி.சி.யை மேஜைமேல் வைத்தாள்.

"சார், எனக்கு வலிப்புன்னு எந்த டாக்டர் சொன்னாரு? நான் பதினொண்ணாவது படிக்கையில டாக்டரம்மா வந்து எல்லாரையும் பாத்தாக. என் கண்ணை இழுத்துப் பாத்து நோட்டுல எழுதுனாக. அந்த நோட்டைக் காட்டுங்க. அதுல வலிப்புன்னு இருந்தா நான் போயிருதேன்."

கிளார்க் சிரித்தார். "அது ஆபீஸ் ரெக்கார்டு. ஒனக்கெல்லாம் காட்ட முடியாது."

"என்னையப் பத்தித்தான சார் எழுதியிருக்கு?"

"ஒன்னையப் பத்தி எழுதுனா அது ஒன்னோடது ஆயிருமாட்டி? போலீஸ் ஸ்டேசன்ல கூடத்தான் எழுதுதான், போய்க் கேளு."

அப்போது வேட்டி கட்டிய இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து வருகிறார்களாம். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். கிளார்க் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், நோட்டை எடுத்தார், பக்கத்தைத் தேடினார், அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நாங்கள் அங்கேயே நிற்கிறோம்.

அவள் கேட்டாள்: "அவியளுக்குக் காட்டுதிய. எனக்குக் காட்ட மாட்டியளா?"

"அவிய பொண்ணு கேட்டு வந்தவிய. நீ எதுக்கு வந்திருக்க?"

வந்தவர்களில் ஒருவர் இதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். அவருக்கும் அது நல்ல பதில்தான் என்று தோன்றியிருக்கும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுட்டி. அவர்தான எழுதச் சொன்னாரு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் கிளார்க் முந்திக்கொண்டார். "யாரு, நானா? ஏட்டி, நான் பாட்டுக்கு வந்தேன். இவதான் தலையை நீட்டி, சார் இவளுக்கு வலிப்பு வந்துச்சே, எழுதவா, எழுதவான்னு கேட்டா. எனக்கு ஒன் மூஞ்சியே ஞாபகமில்ல."

அந்த ஆள் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதை அன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நான் அந்த மாதிரி ஆள்தான். டி.சி.யை மடித்துக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குத் தனியாகப் போனாள். கொடுத்த டி.சி.யை அடித்துத் திருத்த முடியாது என்று பெரிய டீச்சர் சொன்னாராம். டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வந்தால் யோசிக்கலாமாம். கையெழுத்துப் போடும்போது டாக்டர் சர்டிபிகேட் வேண்டியிருக்கவில்லை. திருத்தத்தான் வேண்டியிருந்தது.

இதற்கு மேல் நடந்ததெல்லாம் அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதபோது கேட்டது. வெள்ளிக்கிழமை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வலிப்பு இல்லை என்று ஒரே நாளில் பார்த்து எழுத முடியாது, மதுரைக்குப் போய்த் தலையைப் பரிசோதித்து வா என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மதுரைக்குக் கூட்டிப் போக ஒரே ஆம்பிளை அந்த மாமன்தான். அவனிடம் போய்க் கேட்டிருக்கிறாள் அம்மா. அவன் டி.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: "வலிப்புக்காரியா? எங்க மறைச்சு வச்சிருந்திய? சரி போகட்டும், நம்ம பிள்ளை. என்னையத் தவிர இவள எவன் கட்டுவான்?"

சனிக்கிழமை போய்விட்டது. ஆவணியில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. எங்கள் அம்மா கேட்டாள், "ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரிவிய, ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா, நன்னி கெட்டவ." நான் ஆமாம் என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கிளார்க் ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். முதலில் தற்காலிகம், பொறவு நிரந்தரம். இன்டர்வியூவில் பெரிய டீச்சர் சொன்ன காரணம், "கையெழுத்து நல்லா இருக்கும்."

முதல் வாரமே அலமாரியைத் திறந்து மருத்துவ ஆய்வு நோட்டைத் தேடினேன். அவள் பக்கம் இருந்தது. அவள் உடம்பைப் பற்றி அந்த நோட்டில் ஒரே ஒரு வரி: "ரத்தசோகை. காலை உணவு அவசியம். மற்றபடி நலம்." கீழே டாக்டரின் கையெழுத்து. அன்றைக்கு அவள் நின்று கெஞ்சிய இடத்துக்கும் இந்த அலமாரிக்கும் நாலு எட்டுத்தான் இருக்கும். பூட்டைத் திறக்கிற சாவி, அவள் கையில் திணித்தார்களே, அதே கொத்தில் இருந்தது.

நான் என்ன செய்தேன்? நோட்டை மூடி வைத்தேன். அவளைத் தேடிப் போகவில்லை. அது மட்டுமில்லை. பெண் விசாரிக்க ஆள் வந்தால் நானும் நாற்காலி போட்டேன், நானும் நோட்டைத் திருப்பி வைத்தேன். பழகிப்போனால் உறுத்தாது. நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் அவள் வந்தாள். ஆறாம் வகுப்பில் மகளைச் சேர்க்க. முன்தலை நரைத்திருந்தது. எனக்கு அப்போது ஒரு நரைகூட இல்லை. வரிசையில் நின்று என் மேஜைக்கு வந்தாள். ஆளைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். படிக்காத தாய்மார்களுக்கு நானே நிரப்பிக் கொடுப்பது வழக்கம், கை தானாகப் போய்விட்டது.

"நீ எழுதாத" என்றாள்.

விண்ணப்பத்தை என் கைக்கு அடியிலிருந்து உருவினாள். மேஜை ஓரத்தில் நின்றுகொண்டே எழுதினாள். பல வருஷமாகப் பேனா பிடிக்காத எழுத்து, கோடு விட்டு ஏறி இறங்கியது. உடல்நிலை என்ற கட்டத்தில் "நலம்" என்று எழுதி, மிச்சம் இருந்த வெற்று இடம் முழுவதும் ஒரு கோடு இழுத்தாள். வேறு யாரும் ஒரு எழுத்தும் சேர்க்க முடியாத மாதிரி.

எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அலமாரியைத் திறந்தேன். பழைய நோட்டை எடுத்து, அவள் பக்கத்தைப் பிரித்து, அவளுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். டாக்டரின் கையெழுத்துமேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"புது டி.சி. எழுதித் தாரேன். பெரிய டீச்சர்கிட்ட நான் பேசுதேன். சுத்தமா எழுதித் தாரேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எதுக்கு? எம் புருசன்கிட்ட காட்டவா?"

புது டி.சி. புத்தகத்தை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன்.

"வலிப்புக்காரிக்கு வாழ்வு குடுத்தேன்னு பன்னெண்டு வருசமாச் சொல்லிட்டுத் திரியுதாரு. கறியில உப்புக் கூடுனாலும் அதான், பிள்ளை அழுதாலும் அதான். இதைக் கொண்டு போய் நீட்டுனா, எதுக்குடி இத்தன வருசம் சொல்லலைன்னு அதுக்கு வேற அடிப்பாரு. நீயே வச்சுக்கோ."

நோட்டை என் பக்கம் தள்ளினாள். பின்னால் வரிசையில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாசலைத் தாண்டும்போது மகள் கேட்டது எனக்குக் கேட்டது. "யாரும்மா அவிய?"

"எங்கூடப் படிச்சவ" என்றாள். "கையெழுத்து நல்லாருக்கும்."